பார்க்கின்சன் உள்ள அப்பாவை நடன வகுப்புக்கு அனுப்பலாமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 66 வயது, பார்க்கின்சன் வந்து ஆறு வருடம், நாளைக்கு நான்கு வேளை மாத்திரை. திரும்பும்போதும் கதவு நிலையைத் தாண்டும்போதும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுகிறது. பிசியோ எழுதிக்கொடுத்த பயிற்சிகளைக் கொஞ்ச நாள் செய்துவிட்டு விட்டுவிட்டார். அமெரிக்காவில் பார்க்கின்சன் உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து நடனம் ஆடும் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். இது உண்மையிலேயே வேலை செய்யுமா, மருந்தைக் குறைக்க முடியுமா, தெருவில் பரதம் சொல்லித்தரும் டீச்சரிடம் கேட்கலாமா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: இதை வைத்தியத்தில் ஒரு பகுதியாக நம்பி நேரமும் பணமும் போடலாமா, இல்லை அப்பாவின் மனசைத் தேற்றுகிற விஷயம் என்று மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுமா? நான் நரம்பு நோய் உள்ளவர்களோடு பல வருடமாக வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட். நடை, பேலன்ஸ், விழாமல் பார்த்துக்கொள்வது, பயிற்சி, இதெல்லாம் என் வேலை. மாத்திரை விஷயத்தில் உங்கள் நியூராலஜிஸ்ட் சொல்வதுதான் முடிவு. இந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

நம்பிப் போடலாம். நடை, பேலன்ஸ், உடம்பின் விறைப்பு, மனநிலை இவற்றுக்கு நடனம் உதவும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது. நோயை நிறுத்தும் என்றோ மருந்துக்குப் பதிலாகும் என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதனால் உதவுகிறது என்று தெரிந்துகொண்டால் எந்த மாதிரி வகுப்பு அப்பாவுக்குச் சரிவரும் என்று நீங்களே கணிக்க முடியும், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பார்க்கின்சனில் நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. அந்த டோபமைனை நம்பி இயங்கும் மூளையின் ஆழத்துப் பகுதிகள்தான், நாம் யோசிக்காமலே செய்கிற அசைவுகளை நடத்துகின்றன. எழுந்திருப்பது, முதல் அடி எடுத்து வைப்பது, கையை வீசி நடப்பது, எத்தனை பெரிய அடி வைக்க வேண்டும் என்று அளப்பது எல்லாம் அவற்றின் பொறுப்பு. அங்கே கோளாறு வந்தால் தசையில் பலம் இருக்கும், ஆனால் உள்ளிருந்து வர வேண்டிய 'கிளம்பு' என்ற உத்தரவு சரியாக வராது, வந்தாலும் சின்னதாக வரும். அப்போது வெளியிலிருந்து ஒரு தாளமோ, தரையில் ஒரு கோடோ, எதிரே ஒருவரின் அசைவோ கிடைத்தால், மூளை வேறு பாதை வழியாக அந்த அசைவைத் தொடங்கிவிடுகிறது. செல்ஃப் எடுக்காத வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வது மாதிரி என்று நோயாளிகளிடம் சொல்வேன். தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் நின்றுபோன கால் நகர்கிறது என்பதைப் பர்டன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர் 1960களிலேயே எழுதிவைத்தார். தாளத்துக்கு நடக்கப் பழக்கினால் நடை வேகமும் அடியின் நீளமும் கூடுவதை மைக்கேல் தாவுட்டின் குழு 1996இல் காட்டியது. ஆக, தாளம் உதவுகிறது என்பது உறுதி. மூளைக்குள் அது எந்தப் பாதையில் போகிறது என்பது இன்னும் முழுசாக நிரூபணமாகவில்லை, சிறுமூளை வழியாக என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் விளக்கம்.

நீங்கள் பார்த்த வீடியோ அநேகமாக நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்து வந்ததாக இருக்கும். அங்கே 2001இல் ஒல்லி வெஸ்ட்ஹைமர் என்ற பெண்மணி, தான் நடத்திவந்த புரூக்ளின் பார்க்கின்சன் குழுவுக்காக, மார்க் மாரிஸ் நடனக் குழுவை அணுகி வகுப்பு நடத்தித் தர முடியுமா என்று கேட்டார். அந்தக் குழுவின் கலைஞர்கள் டேவிட் லெவந்தாலும் ஜான் ஹெகின்பாதமும் பாடம் எடுத்தார்கள். இன்று 'டான்ஸ் ஃபார் பிடி' (பிடி என்றால் பார்க்கின்சன் நோய்) என்ற பெயரில் பல நாடுகளில் நடப்பது அதிலிருந்து வளர்ந்ததுதான். வகுப்பு நாற்காலியில் தொடங்கும். கைகளை அகல விரிப்பது, முதுகை நீட்டுவது, பாதத்தால் தாளம் தட்டுவது. அப்புறம் நாற்காலியின் முதுகையோ கம்பியையோ பிடித்து நின்று கால் வேலை. முடிந்தவர்கள் அரங்கின் குறுக்கே நடந்து ஆடுவார்கள், முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே அதே நடனத்தைச் செய்வார்கள். கடைசியில் எல்லோரும் கைகோத்து வட்டமாக நிற்பார்கள். முக்கியமான விஷயம், அந்த வகுப்பில் வருபவர்கள் நடனம் கற்றுக்கொள்ள வந்தவர்கள். யாரும் அவர்களை நோயாளி என்று நடத்துவதில்லை, கை எத்தனை டிகிரி தூக்கினார் என்று யாரும் குறிப்பதில்லை. இந்தியாவில் புனேயில் ரிஷிகேஷ் பவார் என்ற நடனக் கலைஞர் அங்குள்ள பார்க்கின்சன்ஸ் மித்ர மண்டல் உறுப்பினர்களுக்கு இதே போல வகுப்புகள் நடத்தியிருக்கிறார். லண்டனில் இங்கிலிஷ் நேஷனல் பாலே 2010 முதல் செய்கிறது.

சரி, ஆதாரம். அதிகம் ஆராயப்பட்டது அர்ஜென்டினாவின் டேங்கோ. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேமன் எர்ஹார்ட், மேடலின் ஹேக்னி இருவரும் செய்த வேலை இது. டேங்கோவை எடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு: அந்த நடனத்தில் நிற்பது, மறுபடி கிளம்புவது, பின்னோக்கி நடப்பது, திரும்புவது எல்லாம் திரும்பத் திரும்ப வரும், அதாவது பார்க்கின்சன் உள்ளவர் எங்கெல்லாம் தடுமாறுவாரோ அத்தனையும் துணையின் கையைப் பிடித்தபடியே பழகக் கிடைக்கும். 2009இல் டேங்கோவையும், வால்ட்ஸ்-ஃபாக்ஸ்ட்ராட் என்ற வேறு ஜோடி நடனங்களையும் ஒப்பிட்டபோது ஆடிய இரண்டு பிரிவுக்குமே பேலன்ஸ் கூடியது, ஆடாதவர்களுக்குக் கூடவில்லை. 2012இல் எர்ஹார்ட் ரயான் டங்கனோடு சேர்ந்து வெளியிட்டது இன்னும் பெரியது. 62 பேர், அதில் டேங்கோ பிரிவு வாரம் இரண்டு முறை, ஒரு வருடம். மாத்திரையின் தாக்கம் இல்லாத நேரத்தில் அளந்தபோது, டேங்கோ ஆடியவர்களின் அசைவுக் கோளாறு மதிப்பெண் 28.7 சதவீதம் குறைந்திருந்தது, ஆடாதவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. இத்தாலியில் வெனிஸில் 24 பேரை வைத்து ஐரிஷ் நாட்டுப்புற நடனத்தைச் சோதித்த சிறிய ஆய்வில், கால் ஒட்டிக்கொள்ளும் பிரச்சினைக்கும் பேலன்ஸுக்கும் வழக்கமான பிசியோவைவிட அது கூடுதல் பலன் தந்தது.

இந்த எண்களைப் பார்த்து அவசரப்படக் கூடாது. 2012 ஆய்வில் ஒப்பிடப்பட்டவர்கள் எந்தப் பயிற்சியும் கொடுக்கப்படாதவர்கள். டேங்கோ ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்று அது காட்டுகிறது, அதே நேரத்தை வேறு நல்ல பயிற்சியில் செலவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆடுபவருக்குத் தான் ஆடுகிறோம் என்று தெரியும், மருந்து ஆய்வில் கொடுப்பதுபோலப் போலி நடனம் கொடுக்க முடியாது. எதிர்பார்ப்பே கொஞ்சம் பலன் தரும் என்பது பார்க்கின்சனில் நன்றாகத் தெரிந்த ஒன்று. இதையெல்லாம் சேர்த்து எடைபோட்டது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பு: பார்க்கின்சனுக்கான உடற்பயிற்சி பற்றி 156 ஆய்வுகள், சுமார் 8,000 பேர். அசைவுக் கோளாறுகளுக்கு நடனமும் நடை-பேலன்ஸ் பயிற்சியும் மிதமான பலன் தரக்கூடும் என்றார்கள். அதே மூச்சில், எந்த வகைப் பயிற்சி என்பதைவிட ஏதாவது ஒன்றைச் செய்வதுதான் முக்கியமாகத் தெரிகிறது என்றும் சொன்னார்கள். நடனம்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்ற விளம்பரத்துக்கு அதில் இடமில்லை.

நோயின் வேகத்தையே குறைக்குமா என்பதுதான் எல்லோரும் ஆசையோடு கேட்கும் கேள்வி. டொரான்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று வாட்ஸ்அப்பில் நிறையச் சுற்றியது. வாரம் ஒரு வகுப்பு, மூன்று வருடம், ஆடியவர்களுக்கு அசைவுக் கோளாறுகள் கூடும் வேகம் குறைவாக இருந்தது என்று. ஆடியவர்கள் 16 பேர். ஒப்பிடப்பட்ட 16 பேரின் தகவல் வேறு ஒரு தரவுத் தொகுப்பில் இருந்து எடுத்தது. மூன்று வருடம் வாராவாரம் நடன வகுப்புக்கு வரக்கூடியவர் ஏற்கெனவே உடம்பிலும் மனதிலும் குடும்ப ஆதரவிலும் கொஞ்சம் நல்ல நிலையில் இருப்பவர்தானே? ஆய்வாளர்களே இதை ஆரம்பகட்ட ஆய்வு என்றுதான் தலைப்பிலேயே போட்டார்கள். நம்பிக்கை தரும் செய்தி, அவ்வளவுதான். நோயின் வேகம் பற்றிய கேள்வியில் இதைவிடக் கட்டுக்கோப்பாகச் செய்யப்பட்டது டிரெட்மில் ஆய்வு. 2018இல் 128 பேர், இதயத்துடிப்பை அதிகபட்சத்தின் 80-85 சதவீதத்துக்கு ஏற்றி ஆறு மாதம் நடந்தவர்களுக்கு நோய் மதிப்பெண் ஏறக்குறைய நகரவே இல்லை, சாதாரணமாக இருந்தவர்களுக்கு 3 புள்ளி கூடியது. நாற்காலி நடனத்தில் இதயத்துடிப்பு அவ்வளவு ஏறாது. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நடனத்தோடு வேக நடையையோ சைக்கிளையோ சேர்த்தே சொல்கிறேன், முதலில் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

அப்படியானால் நடனத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: அப்பா பயிற்சியை விட்டுவிட்டார். நான் பார்த்தவரை வீட்டுப் பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்பினால் பெரும்பாலானவர்கள் அப்பாவைப் போலவே விட்டுவிடுகிறார்கள், அதில் அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. சுவரைப் பார்த்து நின்று பத்து முறை காலைத் தூக்கு என்றால், தூக்கும் ஒவ்வொரு முறையும் முன்பு போல முடியவில்லை என்பதுதான் அவருக்கு உறைக்கும். பார்க்கின்சனில் மனச்சோர்வும் எதிலும் பிடிப்பில்லாமல் போவதும் நோயின் பாகமாகவே வருகின்றன, சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டுவது அநியாயம். பாட்டு, கூட்டம், ஒரு மணி நேரம் தன் நோயைத் தவிர வேறு எதையாவது பற்றி நினைப்பது, இவை ஆளை மறுவாரமும் வரவைக்கின்றன. லண்டன் வகுப்புகளை ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் சாரா ஹூஸ்டன், ஆஷ்லி மெக்கில் இருவரும் தொடர்ந்து கவனித்து எழுதியதிலும் எனக்குப் பெரிதாகப் பட்டது, வந்தவர்கள் விடாமல் வந்தார்கள் என்பது. எத்தனை நல்ல பயிற்சியானாலும் நிறுத்தினால் பலன் கரைந்துவிடும் இந்த நோயில், விடாமல் செய்ய வைப்பது எதுவோ அதுதான் நல்ல பயிற்சி என்பது என் உறுதியான கருத்து. அப்பாவுக்கு நடனமே பிடிக்காது, கூச்சப்படுகிறார் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். தாய் சீ என்ற மெதுவான சீனப் பயிற்சியும் பேலன்ஸுக்கு நல்ல ஆதாரம் உள்ளதுதான், அவருக்குப் பிடித்த நடையும் நல்லதுதான்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. குறைக்காதீர்கள், நீங்களாகக் குறைக்கவே கூடாது. டோபமைன் குறையை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம், அபூர்வம் என்றாலும் வரும். நடனத்தின் பலனே மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஆடினால்தான் முழுசாகக் கிடைக்கும். மாத்திரை போட்டு எத்தனை நிமிடத்தில் அப்பா இலகுவாகிறார் என்று ஒரு வாரம் எழுதிவையுங்கள். அந்த நேரத்துக்குள் வகுப்பு வருமாறு பாருங்கள். வகுப்புக்கு முன் பருப்பு, முட்டை, பால் என்று புரதம் நிறையச் சாப்பிட்டால் சிலருக்கு மாத்திரை ஏறுவது தாமதமாகும், அதையும் கவனியுங்கள்.

இனி ஆபத்துகள். வீடியோக்களில் இவை வராது. கால் ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை திரும்பும்போது வருகிறது என்றீர்கள். அப்படியானவருக்கு ஒரே இடத்தில் நின்று சுழலும் எந்த நடனமும் இப்போதைக்கு வேண்டாம். அகலமான அரைவட்டமாக நடந்து திரும்பப் பழக்க வேண்டும். கால் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மேல் உடம்பு முன்னால் வந்து கால் பின்தங்கி விழுவார். நின்று, மூச்சு விட்டு, உடம்பின் எடையை இடம் வலம் ஆட்டி, தாளத்தை வாய்விட்டு எண்ணி, அப்புறம் ஒரு பெரிய அடி. உட்கார்ந்து எழும்போது தலைசுற்றல் வருகிறதா என்று கேளுங்கள். பார்க்கின்சனாலும் அதன் மாத்திரைகளாலும் நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கலாம். உட்கார்ந்தும் நின்றும் பிபி பார்த்து அந்த எண்களை டாக்டரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். சாக்ஸோடு டைல்ஸ் தரையில் ஆடக் கூடாது. ரொம்பப் பிடிப்புள்ள ரப்பர் அடி ஷூவும் காலை இழுத்து நடப்பவரைத் தடுக்கிவிடும். நாற்காலிக்குச் சக்கரம் இருக்கக் கூடாது, கைப்பிடி இருந்தால் நல்லது. ஆறு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் விழுந்தவர் என்றால் நின்று ஆடும் பகுதியில் அவருக்கென்று ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்து மட்டும் ஆடட்டும். உட்கார்ந்து ஆடுவதும் நடனம்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், மேலே சொன்ன ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் துணையின்றி நடக்கக்கூடிய ஆரம்ப, நடு நிலையில் உள்ளவர்கள். படுக்கையோடு இருப்பவருக்கோ மறதி அதிகமானவருக்கோ அந்த எண்களைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

பரத டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் டேங்கோ, வால்ட்ஸ், ஐரிஷ், பாலே சார்ந்தவை. அந்தச் சதவீதங்களைப் பரதத்துக்கு அப்படியே எடுத்துப்போட முடியாது. ஆனால் வேலை செய்கிற சரக்கு என்று நான் நினைப்பது பரதத்தில் நிறைய இருக்கிறது. சொல்லும் தாளமும் ஒன்றாக வருவது முதல் விஷயம். 'தெய்யா தெய்' என்று வாயால் சொல்லிக்கொண்டே காலைத் தட்டும்போது அவருக்கு வெளியிலிருந்து ஒரு தாளம், தன் குரலிலேயே இன்னொன்று. பார்க்கின்சனில் குரலும் சன்னமாகிப்போகும் என்பதால் உரக்கச் சொல்வது தனியாகவும் நல்லது. முகத்தில் உணர்ச்சி குறைந்து கல்போல ஆகிவிடும் பிரச்சினைக்கு அபிநயம், விரல்களின் இறுக்கத்துக்கு முத்திரைகள். கண் கையைத் தொடர்ந்து போவதால் கழுத்தும் முதுகும் கூடவே நிமிரும். வேண்டாதவையும் உண்டு. முழங்காலை மடக்கி அமர்ந்த நிலையில் ஆடும் அரைமண்டி 66 வயது முழங்காலுக்கு வேண்டாம், கூனிப்போகும் உடம்புக்கு நிமிர்ந்து நிற்பதே போதுமான பாடம். தரையை ஓங்கித் தட்டுவது, வேகமான காலங்கள், குதிப்பு, சட்டென்ற சுற்று எல்லாம் வேண்டாம். டீச்சரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: உட்கார்ந்து இருபது நிமிடம், நாற்காலியைப் பிடித்து நின்று பத்து நிமிடம், பெரிய அசைவு, மெதுவான தாளம், ஒரே சமயத்தில் கைக்கும் காலுக்கும் புதிது சொல்லித்தராமல் முதலில் கால், அது படிந்த பிறகு கை. அடவு சுத்தமாக இல்லை என்று திருத்திக்கொண்டே இருப்பவர் என்றால் அவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் இதற்குச் சரிப்பட மாட்டார். முதல் சில வகுப்புகளில் உங்கள் பிசியோ ஒரு முறையாவது வந்து பார்ப்பது நல்லது. அம்மாவும் சேர்ந்து ஆடட்டும். நாள் முழுக்க மாத்திரை நேரமும் பாத்ரூம் துணையும் என்று இருப்பவருக்கும் அப்படி ஒரு நேரம் வேண்டும்.

டீச்சர் கிடைக்கும்வரை வீட்டிலேயே தொடங்கலாம். புரூக்ளின் குழுவின் நாற்காலி வகுப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. மொழி புரியாவிட்டாலும் அசைவைப் பார்த்துச் செய்யலாம். இல்லையென்றால் அப்பாவின் இளமைக் காலத்துப் பாட்டில் தாளம் தெளிவாகக் கேட்கும் ஒன்றை எடுங்கள். நல்லபடி நடக்கும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணி, அதை ஒட்டிய வேகமுள்ள பாட்டாகப் பாருங்கள். கால் ஒட்டிக்கொள்பவருக்கு அதைவிட வேகமான பாட்டு வேண்டாம், சின்னச் சின்ன அடியாக ஓட ஆரம்பித்து விழ வாய்ப்பு இருக்கிறது. தொடங்குவதற்கு முன் நாற்காலியில் இருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று மொபைலில் அளந்து எழுதிவையுங்கள், பக்கத்தில் ஆள் நிற்க. எப்போதும் மாத்திரை போட்டு அதே நேரம் கழித்து அளக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால் உங்கள் அப்பாவுக்கு இது பலன் தருகிறதா என்று தெரியும். விநாடி குறையாமல், ஆனால் அவர் வகுப்பு நாளை எதிர்பார்த்துச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நான் தொடரத்தான் சொல்வேன்.

கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை விழுந்தார், மூளைக்குள் மின்தூண்டல் தரும் டிபிஎஸ் கருவி வைத்திருக்கிறதா, முழங்கால் எப்படி என்று கீழே எழுதுங்கள். நின்று ஆடும் பகுதியை எப்போது தொடங்கலாம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது.